தம்பி பேச ஆரம்பித்த வருஷம்

1

போன வாரம் ஒரு ராடைக் குழிக்குள் விட்டுவிட்டேன். திருச்செங்கோட்டுப் பக்கத்தில் போர் போடுகிற ரிக் வண்டிக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை, தலையில் அடித்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பூமியைத் துளைக்கிற இரும்புக் குழாய்தான் ராடு. ஒன்றின் தலையில் இன்னொன்றைத் திருகி மாட்டி இறக்கிக்கொண்டே போக வேண்டும். மாட்டி முடிக்கும் முன்னால் பிடியை விட்டால் கீழே இருக்கிற மொத்தமும் பாதாளத்துக்குப் போய்விடும்.

இங்கே ஓமான் நாட்டில், கல்லும் வெயிலும் தவிர வேறு எதுவும் விளையாத ஓர் இடத்தில், எங்கள் ரிக் நிற்கிறது. மேஸ்திரி பாகிஸ்தானிலிருந்து வந்த ஒரு பட்டாணியர், பெயர் கான். அவர் லீவரில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து "கலாஸ்?" என்று கேட்டார். அரபியில் கலாஸ் என்றால் முடிந்தது. முடிந்துவிட்டதா என்று கேட்கிறார். அர்த்தம் எனக்குத் தெரியும். ஆனால் வெயிலில் மூளை உருகிப்போயிருந்த நேரம். கேள்வி காதில் விழுந்தது, அதே கேள்வி வாய்வழியாக வெளியே வந்துவிட்டது. "கலாஸ்" என்றேன். அவர் பிடியை விட்டார். ராடு போனது. போகும்போது என் விரல் நுனியையும் கொஞ்சம் உரசிவிட்டுப் போனது.

அன்று முதல் கேம்ப்பில் என் பெயர் கலாஸ். சமையல்காரன் ரொட்டி போடும்போது "கலாஸ்?" என்கிறான். கக்கூஸ் கதவைத் தட்டி "கலாஸ்?" என்கிறார்கள். ஊரில் பாதிப் பேருக்குப் பட்டப்பெயர் வைத்தவன் நான். எனக்கு இது வேண்டியதுதான் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். வெள்ளிக்கிழமை எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும்போது கான் என் முகத்துக்கு நேராகக் குனிந்து, "போல், கலாஸ் போல்" என்றார். சொல்லு, சொல்லிக் காட்டு என்று அர்த்தம். சுற்றி இருந்தவர்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தார்கள். நான் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனேன்.

கேட்டதையே திருப்பிச் சொல்கிற ஒருத்தனை எனக்குத் தெரியும். அவனை விட்டுவிட்டு வந்து இந்த ஆடி மாசத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. ஊரில் இருக்கிற நீங்கள் வெளிநாட்டுச் சமாச்சாரம் கேட்பீர்கள். பேரீச்சம்பழம், ஒட்டகம், டேப்ரெக்கார்டர் பற்றியெல்லாம் எழுத எனக்கும் ஆசைதான். இப்போது வரமாட்டேன் என்கிறது.

2

அவன் என் தம்பி, பழனி. எனக்கும் அவனுக்கும் வயது வித்தியாசம் அதிகம். "நீ அடிச்ச கூத்தப் பாத்துப் பயந்துதாஞ் சாமி அடுத்ததுக்கு இத்தன வருசம் யோசிச்சேன்" என்பாள் அம்மா.

குழந்தையிலேயே யார் முகத்தையும் பார்க்க மாட்டான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ஆனால் பக்கத்துக் கொட்டகையில் தறி ஓட ஆரம்பித்தால் ஓடிப்போய்ச் சுவர் ஓரம் நின்று, அந்தச் சத்தத்துக்கு ஏற்றபடி ஆடிக்கொண்டே இருப்பான். கடலைக்காய் பறிக்கிற காலத்தில் காய்களை ஒன்றன்பின் ஒன்றாகக் களம் முழுக்க வரிசை வைப்பான். யாராவது மிதித்து வரிசை கலைந்தால் கையைக் கடித்துக்கொள்வான். பேச்சு மட்டும் கிடையாது.

ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஊமை என்றார்கள், கிறுக்கு என்றார்கள், குலதெய்வத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்றார்கள். அப்பா, எங்கய்யன், எதுவும் சொல்ல மாட்டார். ஏற்கெனவே தோட்டத்தோடும் மாட்டோடும் பேசியதுபோகத்தான் மனிதர்களோடு பேசுவார்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் யாரையும் நிறுத்த மாட்டார்கள். அதனால் ஒரு வார்த்தை பேசாமலே வருஷா வருஷம் மேலே ஏறிக்கொண்டிருந்தான். நான் பேசிப் பேசியே ஒன்பதாவதில் நின்றவன்.

நின்ற பிறகு பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். பழனியைப் பார்த்து எவனாவது வாயைத் திறந்தால் அவனுக்கு அங்கேயே ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுவேன். நான் வைக்கிற பெயர் லேசில் போகாது. ஒருத்தனுக்குத் தவளைவாயன் என்று வைத்தேன், அவன் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனபோது, "யாருக்குங்க கல்யாணம், தவளவாயனுக்குங்களா?" என்று கேட்டார்களாம். என் வாய்க்குப் பயந்து எல்லாப் பொடிசுகளும் பழனியைச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள். கேலி என் கையில் இருந்த வரைக்கும் அவனுக்குக் கஷ்டமில்லை.

அப்புறம் எனக்கு விசா வந்தது. கேலியைக் கீழே வைத்துவிட்டு வந்தேன். யார் எடுத்துக்கொள்வார்கள் என்று யோசிக்கவில்லை.

3

விசா வருவதற்கு முன்னால் ஒரு தடவை அவனைச் சேலத்துக்குக் கூட்டிப்போனோம். அங்கே காது கேட்காத, வாய் பேசாத பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருப்பதாகப் பஸ்ஸில் பார்த்த ஒருத்தர் சொல்லியிருந்தார். நல்ல இடம்தான். பிள்ளைகள் கையாலேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே இருந்த குமாஸ்தா, "காது கேக்காதுன்னு பெரியாஸ்பத்திரி டாக்டர் எழுதிக் குடுக்கோணும்" என்றார்.

ஆஸ்பத்திரியில் பாதி நாள் வரிசையில் நின்றோம். டாக்டர் பழனியைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்துவிட்டு, பின்னால் நின்று ஒரு மணியை அடித்தார். பழனி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்தினான்.

"நல்லாக் கேக்குதேம்மா."

"கேக்கட்டுமுங்க சார், கேக்கலைன்னு எழுதிக் குடுங்க" என்றாள் அம்மா.

"அதெப்படிம்மா எழுத முடியும்?"

"பேச்சு வரலீங்களே."

"பேச்சு வராததுக்கு இங்க எடமில்ல. காது கேக்காததுக்குத்தான் எடம்."

வெளியே வந்து ஆஸ்பத்திரி வாசலில் அம்மா அவன் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். "ஏஞ் சாமி காதப் பொத்துன? சித்த நேரம் சும்மா இருந்திருந்தா ஒரு வழி பொறந்திருக்குமே!"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மாவும் சிரித்துவிட்டாள். ஆளுக்கொரு சர்பத் குடித்துவிட்டுப் பஸ் ஏறினோம்.

4

போன வருஷம் லீவு கிடைத்தது. இங்கே பாஸ்போர்ட் நம்மிடம் இருக்காது, முதலாளி பெட்டியில் இருக்கும். அதை வாங்க ஒரு ஆபீஸ், ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வர அனுமதி வாங்க இன்னொரு ஆபீஸ். எல்லா ஆபீசிலும் "புக்ரா" என்பார்கள். நாளைக்கு என்று அர்த்தம். நம் ஊர் ஆபீசில் சொல்கிற அதே நாளைக்குதான். ஒருவழியாகப் பம்பாயில் இறங்கி ரயில் பிடித்து, சேலத்தில் பஸ் மாறி வீடு போய்ச் சேர்ந்தேன்.

பெட்டியைக் கூட இறக்கி வைக்கவில்லை. அம்மா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாமி, பழனிக்குப் பேச்சு வந்துருச்சு!"

"நெசமாவா?"

"ஊட்டுக்குள்ள வந்து பாரு. சாயங்காலம் பள்ளிக்கூடம் உட்டு வந்தான்னா நிறுத்தாமப் பேசறான். பேச்சு வந்தா முனியப்பனுக்குக் கெடா வெட்டறேன்னு நேந்திருந்தேன். நீ வரட்டும்னுதான் இத்தன நாளு வெச்சிருந்தேன்."

பழனி உள்ளே மூலையில் உட்கார்ந்து தீக்குச்சிகளை வரிசை வைத்துக்கொண்டிருந்தான். நெடுநெடுவென்று வளர்ந்திருந்தான். ஆனால் மெலிந்து போயிருந்தான்.

"சோறு எறங்கறதில்ல சாமி. பள்ளிக்கூடத்துலருந்து வந்தா வவுறு வலின்னு சுருண்டுக்கறான். அது பூச்சி வவுறு. பேச்சு வந்துருச்சில்ல, போதும்."

பக்கத்தில் உட்கார்ந்து, "என்றா பழனி, அண்ணன் வந்திருக்கறேன்" என்றேன். அவன் தீக்குச்சியைப் பார்த்தபடியே, "என்றா பழனி, அண்ணன் வந்திருக்கறேன்" என்றான்.

என் குரல். என் இழுப்பு. அப்படியே இருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் அதற்கு முன்னாலும் வந்ததில்லை, அதற்கப்புறமும் இல்லை.

5

ஆடி மாசம், வெள்ளிக்கிழமை. முனியப்பன் கோயில் மரத்தடியில் கிடா வெட்டினோம். சொந்தக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். குழம்பு கொதிக்கிற நேரத்தில் எங்கள் பெரியப்பன் துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஏம்மிணி, கெடா வாசன வந்துருச்சு. பையன் பேச்சு எங்க? அதக் காட்டிப்போட்டுச் சோத்தப் போடு" என்றார்.

அம்மா பழனியைத் தலை சீவி, புதுச்சட்டை போட்டு நடுவில் நிறுத்தினாள். "பேசு சாமி. சாயங்காலம் ஊட்ல பேசுவீல்ல, அதப் பேசு."

கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டே நின்றான். பிறகு ஆரம்பித்தான்.

"உன்ற பேரென்றா?"

நிறுத்தினான்.

"சொல்றா. உன்ற பேரு ஊம. ஊமைன்னு சொல்றா."

நிறுத்தினான்.

"டேய், கையப் புடிச்சுக்கடா. வாயத் தொற. முட்டாயிடா, தொற. இன்னொண்ணு போடு. துப்பாத. முழுங்கு. முழுங்குடா."

நிறுத்தினான். ஹீ ஹீ என்று ஒரு சிரிப்பு. வேறு மாதிரி இன்னொரு சிரிப்பு. பிறகு, "அழுவறாம் பாரு. அழுதா நாளைக்கும் உண்டு" என்றான்.

"அட அட அட! நாடகக்காரன் தோத்தான் போ!" என்று பெரியப்பன் தொடையைத் தட்டினார். பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். ஓர் அத்தை எழுந்து வந்து அவனுக்குத் திருஷ்டி கழித்தாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கோயிலைப் பார்த்துக் கும்பிட்டாள்.

நான் கேலி செய்து வளர்ந்தவன். ஒரு கேலிக்கும் அடுத்த கேலிக்கும் நடுவில் எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று எனக்குத் தெரியும். எதிராளி என்ன செய்கிறான் என்று பார்க்கிற நேரம் அது. பழனி அந்த நேரத்தையும் விடாமல் சொன்னான். அவன் நிறுத்திய இடத்தில் எல்லாம் எதிராளியாக நின்றது அவனேதான்.

6

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனேன். என்னை வைத்துக்கொண்டு அவதிப்பட்ட அதே வாத்தியார்தான் இருந்தார்.

"வாப்பா ரங்கா. அரபு நாட்டுல உன்ற வாய ஒண்ணும் பண்ணலியா?"

"அடச்சு வெச்சிருக்கறாங்க சார். லீவுக்குத் தொறந்து உட்ருக்கறாங்க."

சிரித்தார். பழனியைப் பற்றி ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது.

"அவன் பேசறானா? என்ன ரங்கா சொல்ற! இங்க ஒரு வார்த்த பேசி நாங் கேட்டதில்லயே."

"பசங்க அவன என்ன பண்றாங்கன்னு பாத்திருக்கறீங்களா சார்?"

"வெளையாடுவாங்க. மூணு வகுப்புக்கு நாந்தான். எவன் எவன் வாயப் பாத்துட்டு நிக்கறது? சாக்பீசு டப்பா மட்டும் வாராவாரம் காலியாவுது, எவந் திங்கறான்னு தெரியல."

சொல்லிவிட்டு அவரே என் முகத்தைப் பார்த்தார். கையில் இருந்த சாக்பீசை மேஜையில் வைத்தார். பிறகு அவர், "அடிச்சு வெச்சா இன்னைக்கு நிறுத்துவாங்க ரங்கா. நாளைக்குப் போற வழியில பண்ணுவாங்க. வழிக்கெல்லாம் நான் வர முடியாதே. நீ அவன ஊட்ல வெச்சுக்கறதுதான் அவனுக்கு நல்லது" என்றார். கெட்டவர் இல்லை. பிள்ளைகள் சத்தம் போட்டார்கள், எழுந்து போய்விட்டார்.

வழியில் துரையைப் பிடித்தேன். பக்கத்துத் தோட்டத்துப் பையன். பழனியைத் தினமும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டி வருகிறவன் அவன்தான். அதற்காக அம்மா அவனுக்குக் கடலை உருண்டை கொடுப்பாள். கன்னத்தில் அறைய வேண்டும் என்றுதான் போனேன். பார்த்தால் ஒல்லிப்பிச்சான், மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கிறது, டவுசருக்கு அரைஞாண் கயிறுதான் பெல்ட்டு.

"ஏன்டா பண்றீங்க?"

"சும்மாதானுங்கண்ணா. அவஞ் சாயங்காலம் ஊட்டுக்குப் போயி அப்படியே திருப்பிச் சொல்றானுங்க. எங்க கொரலு மாதிரியே சொல்றான். நாங்க வேலிக்கு அந்தப்பக்கம் நின்னு கேப்பமுங்க. சிரிப்பா இருக்குமுங்க."

"சாக்பீசு?"

"அது போட்டாத்தானுங்க நல்லாச் சொல்றான்."

ஒரு கெட்ட எண்ணமும் அவன் கண்ணில் இல்லை. நம்மிடம் டேப்ரெக்கார்டர் இருந்தால் நாமும் எதையாவது பேசிப் பதிந்து கேட்டுச் சிரிப்போம் இல்லையா, அப்படித்தான் சொன்னான். இவனுக்கு என்ன பட்டப்பெயர் வைப்பது?

7

இதை எழுதும்போது இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ராடு உரசிய விரலுக்குத் தையல் போட இங்கே ஒரு கிளினிக்குக்குப் போனேன். நர்ஸ் ஒரு கேரளத்து அம்மா. வேலூரில் படித்ததால் தமிழ் தெரியும். வலி தெரியாமல் இருக்க ஏதாவது பேசு என்றார்கள். நான் பழனியைப் பற்றிப் பேசினேன். அவர்கள் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"முகம் பார்க்க மாட்டானோ? எல்லாம் வரிசை வைப்பானோ? சொன்னதையே சொல்வானோ?"

"நேர்ல பாத்தாப்பல சொல்றீங்களே!"

"அதுக்கு ஒரு பேர் உண்டு. ஆட்டிசம். யாரும் செஞ்சது இல்லா, பிறவியிலே உள்ளது."

எங்கள் வீட்டில் இத்தனை வருஷம் குடியிருந்த ஒன்றுக்கு ஒரு கடல் தாண்டி வந்து பெயர் கேட்டேன்.

"மருந்து இருக்குங்களா சிஸ்டர்?"

"மருந்து இல்லா. பொறுமையா சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடம் வேணும். லண்டனில் எல்லாம் உண்டு."

"திருச்செங்கோட்டுல இல்லீங்களா?"

எப்போதும் போல வாய் துடுக்காகக் கேட்டுவிட்டது. அவர்கள் சிரிக்கவில்லை. மீதித் தையலைப் போட்டார்கள்.

8

துரையிடம் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா கிடாவெட்டுக்கு வாங்கி வந்த அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பழனி பேசறது அவன் பேச்சில்ல. பசங்க அவனப் பேசறது."

"தெரியுஞ் சாமி."

"என்ன தெரியும்?"

"தொர கொரலுன்னு தெரியும். சிரிக்கறது கடக்காரம் பையன்னு தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா கெடா வெட்டுன?"

அண்டாவைத் தேய்ப்பதை அவள் நிறுத்தவில்லை. "நீ ஒருத்தன் வாயாடிட்டு இருந்த, நீயும் போயிட்ட. உங்கய்யன் பேசமாட்டாரு. இந்தூட்டுல நான் யார் கொரலக் கேக்கறது? வார்த்த எவனோடதா இருந்தா என்ன சாமி. கொரலு என்ற பையனோடது."

"கையப் புடிச்சுக்கிட்டு வாயில சாக்பீசத் திணிக்கறாங்கம்மா."

அது அவளுக்குத் தெரியாது. முட்டாயி என்பதை முட்டாயி என்றே நினைத்திருந்தாள். கை நின்றது. சாம்பல் கையோடு எழுந்து உள்ளே போனாள்.

வாசலில் மாடு கட்டிக்கொண்டிருந்த எங்கய்யன் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "நாளையிலருந்து பள்ளிக்கூடம் வேண்டாம். ஆடு மேய்க்கப் போவட்டும்" என்றார். அந்த மாசம் அவர் பேசிய பெரிய பேச்சு அதுதான்.

மறுநாள் காலையில் பழனி பையை மாட்டிக்கொண்டு வேலிப் படலுக்குப் பக்கத்தில் போய் நின்றான். துரை வேலிக்கு அந்தப்பக்கம் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். வெயில் ஏறும் வரைக்கும் பழனி நின்றான். அதற்கடுத்த நாளும் நின்றான். சாயங்காலமானால் பழைய வார்த்தைகளையே ஆடுகளிடம் சொல்லிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒரு நாள் சிரிப்பு மட்டும் சொன்னான். அதன்பிறகு அதுவும் இல்லை.

நான் விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நல்லதாகச் சொல்லிப் பார்த்தேன். "பழனி நல்ல பையன்" என்றேன். "அண்ணன் ஒட்டகம் வாங்கியாறேன்" என்றேன். கழுதை மாதிரி கத்திக் காட்டினேன், தவளைவாயன் கதையெல்லாம் சொன்னேன். ஊரே சிரிக்கும் என் பேச்சுக்கு. அவன் தீக்குச்சி வரிசையைச் சரி செய்துகொண்டிருந்தான். வயிற்று வலி போய்விட்டது. நன்றாகச் சாப்பிட்டான். பேச்சு மட்டும் வந்த வழியே போய்விட்டது. அம்மா அவன் சாப்பிடும்போதெல்லாம் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லீவு முடிந்து நான் கிளம்புகிற காலை. பெட்டியைக் கட்டிவிட்டு அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தேன். பழனியை முன்னால் உட்கார வைத்து அம்மா சோறு பிசைந்துகொண்டிருந்தாள். நான் நிற்பதை அவள் பார்க்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு சாமி. அண்ணன் ஊருக்குப் போறான், ஒண்ணு சொல்லு."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மா வாசல் பக்கம் காது கொடுத்துப் பார்த்தாள். பிறகு குனிந்து, குரலைத் துரை மாதிரி மாற்றிக்கொண்டு, மெதுவாக, "உன்ற பேரென்றா?" என்றாள்.

அவன் உடம்பு அசைவது நின்றது.

"சொல்றா. ஊமைன்னு சொல்றா." கண்ணீர் அவள் தாடையில் சொட்டிக்கொண்டிருந்தது. "சொல்லு கண்ணு. ஊமைன்னு சொல்றா."

பழனி இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டான். கண்ணை இறுக்கி மூடினான். வாயை அகலமாகத் திறந்தான்.

அம்மா கையில் சோற்று உருண்டை இருந்தது. அதை அந்த வாயில் வைக்க அவளால் முடியவில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எங்கய்யன் வாசலிலிருந்து கூப்பிட்டார். நான் பெட்டியை எடுத்துக்கொண்டேன். படலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். அடுப்படி வாசல் வழியாக அவன் தெரிந்தான். இன்னும் வாயை மூடவில்லை.